வெட்டின் திசை

மழை பெய்தால் எங்களுக்கு வெட்டு இல்லை.
ரேஷன் கார்டில் பெயர் திருத்த
பத்துகாணியிலிருந்து குழித்துறைக்குப் புறப்பட்டவள்
மார்த்தாண்டத்தில் மழைக்கு ஒதுங்கினேன்.
மாடிப்படியில் எழுதியிருந்தது:
படம் பார்க்கலாம், காசு வேண்டாம்.
சினிமா என்றுதான் ஏறினேன்.

பதினேழு படங்கள்.
பதினாறை நடந்தே கடந்தேன்.
பதினேழாவது சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது.

ஒரு பெண்.
முகம் இருக்கவேண்டிய இடத்தில் இலை உதிர்ந்த வானம்.
முடி கீழே விழாமல்
மேலே வேர்விட்டுப் போகிறது.
தொண்டை முதல் தொடைவரை பட்டை,
பட்டையில் சரிந்த ஒரு வெட்டு,
வெட்டு முடியும் தொப்புளில்
கம்பி வளையத்தில் ஒரு சிரட்டை.
சிரட்டையில் பாலுக்குப் பதில்
யாரோ கழற்றி வைத்த வளையல் அளவு நிலா.
அவளுக்குப் பின்னால் கொடியில்
ஷீட் ஷீட்டாய்க் காயப் போட்டிருக்கிறார்கள்
குளச்சல் கடலை.

ஜிப்பா போட்டவர் சொன்னார்:
பெண்தான் இயற்கை, இயற்கைதான் பெண்.
காலேஜ் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.
குடை சொட்ட நின்ற டீச்சர்
பால் என்றால் தாய்மை,
இதில் என்ன சந்தேகம் என்றார்.
கண்ணாடி போட்ட பையன் மெதுவாக,
இல்லை மிஸ், அது காயம்,
வெள்ளையாய் வருகிற ரத்தம் என்றான்.
நிலா மாதக் கணக்கு என்றாள்
பக்கத்தில் நின்றவள்.
அவன் காது சிவந்தது.

நான் பத்தொன்பது வருஷமாய்
தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு
விடியுமுன் முந்நூறு மரம் வெட்டுகிறவள்.
பால் என்று நாங்கள் சொல்வது
குட்டிக்குக் கொடுக்க மரம் சுரப்பதல்ல.
கீறிய இடத்தை மூடிக்கொள்ள
அது ஓடிவந்து எடுத்துத் தருவது.
மூடி முடிக்குமுன் சிரட்டையை வைக்கிறோம்.
அடுத்த வெட்டுக்கு ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போட்டு
அதன் கீழே இன்னொரு நூல் கனம்.

இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
ஜிப்பா அடுத்த படத்துக்குப் போயிருந்தது.

தனியே நின்று பார்த்தபோதுதான்
தப்பு கண்ணில் பட்டது.
இடது மேலே, வலது கீழே,
எந்தத் தோட்டத்திலும் அதுதான் கணக்கு.
இதில் வலது மேலே, இடது கீழே.
இப்படி வெட்டினால் குழல் சரியாய் அறுபடாது,
பால் குறையும்,
முதலாளி கூலியில் பிடிப்பார்.

வரைந்தவள் மூலையில் ஸ்டூலில் இருந்து
பருப்புவடை தின்றுகொண்டிருந்தாள்.
டெல்பினா என்று சட்டையில் அட்டை.
பிள்ளே, வெட்டு மாறிப்போச்சு என்றேன்.
மென்று, விழுங்கி,
விரலை முந்தானை இல்லாததால் பேன்டில் துடைத்து,
அக்கா எந்தப் பக்கம் நின்னாக்கும் பாக்கியது?
என்றாள்.

திரும்ப வந்து நின்றேன்.
எம்பிராய்டரித் துணியைத் திருப்பினால்
பூ எதிர்ப்பக்கம் சாயும்.
மரத்துக்கு உள்ளே இருந்து பார்த்தால்
என் வெட்டு
இப்படித்தான் சரியும்.

அப்படியென்றால் நாங்கள் இவ்வளவு நேரமும்
அவளுக்குள் நின்றுகொண்டு
அவளுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறோம்.
கடல் அவளுக்குப் பின்னால் இல்லை, வெளியே.
முகம் ஏன் இல்லை என்று
இனி யாரும் கேட்க வேண்டாம்.
உள்ளேயிருந்து யாருக்குத் தெரிகிறது
சொந்த முகம்?
சிரட்டை நிலாதான் பிடிபடவில்லை.

கருத்து எழுத நோட்டு நீட்டினார்கள்.
கொள்ளாம். றோஸ்லெட், பத்துகாணி.
பெயரைச் சரியாக எழுதிய சந்தோஷத்தில்
கீழே இறங்கியபோது
குழித்துறை ஆபீஸ் அடைத்திருக்கும் நேரம்.
கார்டில் இன்னும் ஒரு மாசம்
நான் ரோசம்மாதான்.

மறுநாள் மழை இல்லை. மூன்றரை மணி.
முதல் மரத்தில் கத்தி வைத்தேன்.
தடியைத் தொடக் கூடாது,
பட்டையில் ஒரு நகக்கனம் மிச்சம் விட வேண்டும்.
அந்த நகக்கனத்தில் என் லைட் விழுந்தது.
டார்ச்சை உள்ளங்கையால் பொத்தினால்
விரல் சிவந்து தெரியுமே,
அதுபோல் அந்தப் பக்கத்துக்கும்
ஏதாவது தெரியுமோ,
வட்டமாய்,
வளையல் அளவில்.

பால் வரத் தொடங்கியது.
சிரட்டையை நிமிர்த்தி வைத்தேன்.
இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.